வெளிறிய ஒன்பது புள்ளிகள்

ஐயாயிரத்து இருநூற்று நாற்பது மீட்டரில்
மூச்சு ஒரு கணக்கு.
படிக்கு ஒன்று, கதவுக்கு இரண்டு,
உறைந்த பூட்டைத் திறக்க நான்கு.
கூரையில் நிற்கும் எஃகுக் குழாய்க்கு மட்டும்
இளைப்பே கிடையாது.
நிமிடத்துக்கு ஐந்து லிட்டர்
இரவும் பகலும் உறிஞ்சுகிறது.

உள்ளே, தாள் நாடாவில்
காற்று கைநாட்டு வைக்கிறது:
ஒரு சாம்பல் வட்டம்,
நகர்ந்து இன்னொன்று,
நகர்ந்து இன்னொன்று.

இந்த மலையில் பனிச்சறுக்கு விளையாடினார்களாம்.
எனக்குப் பத்து வயதாகும்போது பனி தீர்ந்துவிட்டது.
மிச்சம், துருவேறிய இழுவைக் கம்பியும்
பூட்டிய விடுதிச் சுவரில்
சூடான சாக்லேட்டின் விலையும்.
என் முதுகலைக்கு அந்தப் பனி பாடமில்லை.
என் தலைப்பு கரி.

விடியலில் காற்று சுத்தம்.
பதினொன்றுக்கு மேல் பள்ளத்தாக்கு சூடேறினால்
நகரம் மலையேறி வரும்.
எல்லைப்படலம் என்கிறது பாடநூல்.
எனக்கு அது எல் ஆல்தோ;
முகம் தெரிந்த புகை.

பன்னிரண்டு வயதில் அப்பாவின் மினிபஸ்ஸில்
ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி
"செஹா! செஹா! பெரேஸ்! இரண்டு இடம் இருக்கு!" என்று
கூவியவள் நான்.
டீசல் வாசனை போகச்
சீருடையை இருமுறை அலசுவேன்.
இப்போது அதே வாசனையைக்
கன மீட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று
நிறுத்துப் பார்க்கிறேன்.

ஆகஸ்டில் டீசல் தட்டுப்பாடு.
ஓட்டுநர் சங்கம் சாலையை மறித்தது.
பல்கலைக்கழக ஜீப் அங்கேயே நின்றுவிட,
ஒரு பை கோக்கா இலையோடும்
ஈயத்தாளில் சுற்றிய வடிதாள்களோடும்
நான் இறங்கி நடந்தேன்.
குறுக்கே நிறுத்திய வண்டிகளில் மூன்றாவது எங்களுடையது.
"என் மகள். மேலே காற்றை எண்ணுகிறாள்,"
என்றார் அப்பா தியோனிசியோ.
வழி விட்டார்கள்.
"எண்ணினால் டீசல் வருமா?" என்றது
கம்பளிக் குல்லாய் ஒன்று.
எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

முதல் நாள் புள்ளி தாராக இருந்தது.
டயர் எரித்திருந்தார்கள்.
மறுநாள் முதல் எரிக்க டயர் இல்லை.
வெளிறியது,
மேலும் வெளிறியது,
ஆறாம் நாள் நாடாவில்
வட்டம் எங்கே என்று
விளக்கைச் சாய்த்துத் தேட வேண்டியிருந்தது.

"யாராலும் செய்ய முடியாத சோதனை, நெய்சா!
ஒரு நகரத்தையே அணைத்து வைத்திருக்கிறார்கள்!"
தொலைபேசியில் கத்தினார் பேராசிரியை வெலார்தே.
நானும் கத்தினேன்.
சந்தோஷம்தான், அதை மறைப்பானேன்.
அன்று மாலை அம்மாவின் செய்தி:
வண்டித் தவணைக்கு
உன் உதவித்தொகையில் ஏதாவது மிஞ்சுமா?
அது வந்தே மூன்று மாதமாயிற்று என்று எழுதவில்லை.
இருநூறு அனுப்பினேன்.

பதினோராம் நாள் மறியல் கலைந்தது.
கூரையில் நின்று பார்த்தேன்.
நண்பகலுக்கு முன்
பழுப்பு விளிம்பொன்று சரிவில் ஊர்ந்து வந்தது.
வா, என்று சொல்லிவிட்டேன், வாய்விட்டு.

ஆய்வேட்டில் அது நான்காம் அத்தியாயம், படம் ஏழு:
இருபுறமும் மேடு, நடுவே பள்ளம்.
மதிப்பீட்டாளர் கேட்கிறார்:
மாதிரி சிறியது.
இந்நிகழ்வு மீண்டும் நேர வாய்ப்புண்டா?
பதில் எழுதும் இடத்தில்
ஒரு வாரமாக மினுக்கிக்கொண்டிருக்கிறது கோடு.

ஞாயிறன்று படத்தை அப்பாவிடம் காட்டினேன்.
பள்ளத்தில் விரல் வைத்து,
"நாங்கள் வெறும் சூப் குடித்த நாட்களா?" என்றார்.
ஆமாம்.
"வழவழவென்று இருக்கிறது."
பிறகு, கண்ணாடியைக் கழற்றாமலே,
"இன்ஜெக்டரை மாற்றினால் எவ்வளவு குறையும்?"

கணக்குப் போட்டேன். ஒரு எண்ணைச் சொன்னேன்.
இன்ஜெக்டர் என்ன விலை என்று
அவர் ஓர் எண்ணைச் சொன்னார்.
இரண்டையும் அதே தாளின் ஓரத்தில் எழுதிவைத்தோம்,
அவரவர் அலகில்.